திருமதி ஓயின் தராசு

ஜெலுத்தோங்கில், பழைய இரும்புக் கடையின் தராசு மேடையில்
நானும் ஹாஃபிஸும் ஏற்றி நிறுத்தினோம்,
இருபத்தாறில் ஆசைப்பட்டு
நாற்பத்தொன்றில் வாங்க முடிந்த வண்டியை.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோ.
"விற்கவா?" என்றாள் திருமதி ஓய்.
"இளைக்க வைக்க."
அவள் என்னையும் ஒருமுறை
மேலும் கீழும் பார்த்தாள்.

கையில் ஐந்நூறு ரிங்கிட்.
ஹாஃபிஸ் என்னைக் காக்கா என்பான்,
மலாயில் அக்கா, என் காதில் எப்போதும் காகம்.
"கார்பன் ஃபைபர் என்ற சொல்லை
என் பட்டறையில் சொல்லாதே, காக்கா.
முதலில் காசில்லாததைப் பார்ப்போம்."

காசில்லாதது:
பக்கத் தகடுகளுக்குள் ஒட்டிக் கிடந்த சேறு,
மூன்று பழைய சொந்தக்காரர்களின் மழைக்காலங்கள்,
எழுநூறு கிராம்.
இருக்கைக்கு அடியில் இரண்டு கிலோ ஸ்பேனர்கள்
(ஒன்றுகூட இந்த வண்டியின் எந்த நட்டுக்கும் பொருந்தவில்லை).
டாங்கியில் பாதி பெட்ரோல், ஆறு கிலோ.
"பாதி மட்டும் ஊற்று, அடிக்கடி ஊற்று."
மாதக் கடைசியில் நான் எப்போதும்
அப்படித்தானே ஊற்றுகிறேன்.

காசு உள்ளது:
பட்டர்வொர்த்தில் ஒருவன் விற்ற அலுமினியப் புகைக்குழாய்.
இருநூற்றெண்பது. நடுவில் ஒரு பள்ளம்.
பள்ளத்துக்கு எடையில்லை என்று வாங்கினேன்.
நாலரை கிலோ போயிற்று.
ஒல்லிச் சங்கிலி, ஒல்லிப் பல்சக்கரம், நூற்றுத்தொண்ணூறு.
போனது ஒன்றரைதான்.
ஆனால் சுழலும் ஒரு கிராம்
சும்மா இருக்கும் இரண்டு கிராமுக்குச் சமம் என்றான்,
எங்கே படித்தானோ.
"பிரேக்குக்கும் அலுமினிய போல்ட் போடலாமா?"
"போடலாமே. சாம்பலுக்கு எடை ரொம்பக் குறைவு."
போடவில்லை.

பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பி,
கால் வைக்கும் இரண்டு தாங்கிகள்,
சேர்த்து இரண்டரை. கழற்றினோம்.
திருமதி ஓய் ஐந்து ரிங்கிட் கொடுத்துவிட்டு
குவியலில் வீசினாள்.

மறுபடி மேடை.
நூற்று எழுபத்து நான்கு புள்ளி எட்டு.
ஹாஃபிஸ் எழுத்தைத் துடைத்துவிட்டு
இன்னொருமுறை பார்த்தான்.
மாறவில்லை. நான் கை தட்டினேன்.

அப்போதுதான் யாழரசி வந்தாள்,
டியூஷன் முடிந்து, தலையில் ஹெல்மெட்டோடு,
பதினான்கு வயது.
வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.
"நான் காலை எங்கேம்மா வைக்கிறது?"

ஹாஃபிஸ் கவனமாகத் தன் கைகளைத் துடைக்க ஆரம்பித்தான்.

வண்டியை இறக்கியதும் அவள் மேடையில் ஏறினாள்,
புத்தகப்பையோடு. நாற்பத்தொன்று புள்ளி மூன்று.
திருமதி ஓய் கால்குலேட்டரைத் தட்டினாள்,
தலையை ஆட்டினாள்:
"இதற்கு இன்றைக்கு விலை வரவில்லை."

பிறகு அந்தக் குவியலில் நான்கு பேரும் தேடினோம்.
கெட்டில், ஜன்னல் சட்டம், விசிறி இறக்கை,
யாரோ வீட்டு இட்டலித் தட்டு.
இடது தாங்கி உடனே கிடைத்தது, கம்பியும்.
வலது தாங்கி
ஒரு சலவை இயந்திரத்தின் வயிற்றுக்குள்.
"ஐந்து அறுபது" என்றாள் திருமதி ஓய்.
அந்த அறுபது சென்னில்தான் அவள்
மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறாள்.
கொடுத்தேன்.

கெலுகோர் வளைவில் பாலத்துக்கு ஏறும்போது
வழக்கமாக நான் பல்லைக் கடிப்பேன்.
இன்று சாய்ந்தேன், அவளும் சாய்ந்தாள்,
சொல்லிக் கொடுக்கவே இல்லை, அதே கோணம்.
நாற்பத்தொன்று புள்ளி மூன்றையும்
எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.
கடல் பக்கக் காற்று. பிறை விளக்குகள்
ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின.
முதுகில் ஏதோ கத்தினாள்.
பசி என்று நினைக்கிறேன்.

பிரேக் பிடித்தால் மட்டும்
என் ஹெல்மெட்டில் அவள் ஹெல்மெட்,
டொக்.